ஒன்பது திட்டும் ஒரு காய்ந்த பிரஷும்

ஒரு கணவனும் மனைவியும் மூன்று வருடம் நடத்திய வாதத்தைச் சுவரிலிருந்து சுத்தமாக அழித்துத் தர நான் சொன்ன விலை முந்நூற்றைம்பது. உப்புத்தாள் என் செலவு.

வாதம் முன்னறைச் சுவரில் ஒன்பது திட்டுகளாக இருந்தது. ஒவ்வொன்றும் விரித்த நோட்டுப் புத்தகம் அளவு. வெளிர் நீலம், அதைவிடக் கொஞ்சம் துணிச்சலான நீலம், எலுமிச்சைத் தோல் மஞ்சள், மறுபடியும் நீலம், நடுவில் யாரையோ வெறுப்பேற்றவே கலக்கியது போல ஒரு பழுப்பு. பக்கத்தில் பென்சிலால் எண் வேறு.

"இது மேலேயே அடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே மேஸ்திரி?" என்றார் வீட்டுக்காரம்மாவின் நாத்தனார்.

வீட்டுக்காரம்மா ஒரு தையல்காரர். முன்னறையைத் தையல் கடையாக்கப் போகிறார், அதற்குத்தான் பெயின்ட். பூட்டு சாவிக் கடை வைத்திருந்த கணவர் இறந்து பதினாறு மாதம். நாத்தனார் அந்தக் கணவரின் அக்கா. தம்பி பெண்டாட்டி என்னிடம் ஏமாந்துவிடக் கூடாது என்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"அடிக்கலாம்மா. ஒரு மாசம் கழிச்சு சாயங்கால வெயில் சாய்வா விழறப்ப ஒன்பதும் பொட்டலம் கட்டி ஒட்டின மாதிரி புடைச்சுக்கிட்டு நிக்கும். அப்ப என்னைத் தேடி ஆள் அனுப்புவீங்க."

"அதை உங்க கூலியிலயே சேர்த்துக்கக் கூடாதா?"

"சேர்த்ததுதான் முந்நூத்தம்பது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதை வந்தது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு எதிராளியும் பேசினால்தான் வெளியே வந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

தொழிலில் என்னைத் 'தட்டல்' என்பார்கள். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் நான் விலை சொன்னதில்லை. பூச்சு பிடிப்பாக இருந்தால் சத்தம் கெட்டியாக வரும். உள்ளே விட்டுப்போயிருந்தால் காலி டப்பா மாதிரி கேட்கும். தட்டாமல் விலை சொல்கிறவன் பாதி வேலையில் வந்து தலையைச் சொறிவான். அன்றைக்கும் மூலையிலிருந்து ஆரம்பித்துத் தட்டிக்கொண்டே போனேன். அளந்தேன். பன்னிரண்டுக்குப் பதினொன்று, உயரம் பத்து. கதவும் ஜன்னலும் கழித்து நானூற்றுப் பத்தொன்பது சதுர அடி.

நான் அளந்த சுவரை எல்லாம் தையல்காரர் தன் கழுத்து டேப்பால் பின்னாலேயே அளந்துகொண்டு வந்தார். ஒரு சுவரில் கால் அடி எனக்கு எதிராக வந்தது.

"சுவர் என்ன, இடுப்பா? மூச்சைப் பிடிச்சா குறையுமா?" என்றேன்.

"எங்கிட்ட எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க மேஸ்திரி. அதனால ரெண்டு தடவை அளக்கற பழக்கம்." சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "ஒன்னு கேக்கட்டுமா? ஒரு பிரஷ்ஷைப் பத்தி," என்றார்.

அவர் சொன்னது இது. அவருக்கு அந்த மஞ்சள். கணவருக்கு ஏதோ ஒரு நீலம். "மஞ்சளா? கல்லீரல் கெட்டவன் கண்ணு மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் கணவர் சொல்லிவிட, இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். பத்து நாள். இவரும் போன் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை, கடை ஷட்டரைத் தூக்கும்போது அவர் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பேச்சு வரவேயில்லை. எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது குளியலறை ஓரத்தில் ஒரு குவளை. அதற்குள் ஒரு பிரஷ், தண்ணீர் வற்றி, கட்டையாகக் காய்ந்து.

"நான் போறப்ப அது இல்ல. அப்ப அந்தப் பத்து நாள்ல எதையோ அடிச்சிருக்கார். ஆனா நான் போறப்பவும் ஒன்பது திட்டு, வந்தப்பவும் ஒன்பதுதான். பத்தாவது எங்கே?"

"பிரஷ் என்ன நிறம்?"

"அண்ணி குப்பையில போட்டுட்டாங்க," என்று நாத்தனாரைக் காட்டினார்.

"நீலம்தான். என் தம்பி நீலம்னா நீலம்தான். சாகறவரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான்," என்றார் நாத்தனார்.

தையல்காரர் அவர் பக்கம் திரும்பாமல் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு நிறம் பெருசில்ல. கோபத்தோட போனாரா, இல்லையா, அது ஒன்னு தெரிஞ்சா போதும். இந்த வீட்ல வேற யாரைக் கேக்கறது? நீங்க சுவர்க்காரர்."

விலை சொல்ல வந்தவனுக்கு இது தேவையா? தேவையில்லை. ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் ஓடினால் சுவர் தன் வயிற்றில் இருப்பதை எல்லாம் காட்டிவிடும். ஒன்பது திட்டிலும் ஒரே ஒரு கோட்டு, அதாவது ஒரே பூச்சு. எதிலும் புதுக் கை படவில்லை.

"அம்மா, பிரஷ் தண்ணிக்குள்ளதானே இருந்தது? கழுவிக் காய வைக்கலையே?"

"தண்ணிக்குள்ளதான். குவளையில தண்ணி வத்தின கோடு தெரிஞ்சுது."

"வேலை முடிஞ்சவன் பிரஷ்ஷைக் கழுவி வைப்பான். நாளைக்கும் அடிக்கப் போறவன்தான் தண்ணியில போட்டு வைப்பான். வியாழக்கிழமை ராத்திரி அவர் வேலையை முடிக்கல. பாதியில நிறுத்தியிருக்கார்."

"எந்த வேலையை?" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

எனக்குத் தெரிந்தால்தானே.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று பீரோ பக்கம் போனேன். இரும்புப் பீரோ, நாலடி அகலம், ஆறரை அடி உயரம், நிறையத் துணி. "இதை நகர்த்தணும். நகர்த்தற கூலி இருநூறு."

நாத்தனாருக்குத் தெம்பு வந்துவிட்டது. "எதுக்கு நகர்த்தணும்? பின்னாடி யார் பார்க்கப் போறா? அந்த இடத்தை விட்டுட்டு அதுக்கான காசைக் கழிங்க."

"பின்னாடி ஓதம் இருந்தா?"

"இருக்கட்டும். பீரோதானே நனையும்."

"அண்ணி, உள்ளே கஸ்டமர் துணி இருக்கு," என்றார் தையல்காரர்.

"ஓதம் பார்க்காம நான் சீட்டு எழுதறதில்லம்மா. நூத்தம்பது."

"நூறு."

"மூணு ஆள் வேணும். நூத்தம்பதுக்குக் கீழ என் முதுகு இறங்காது."

நூற்றைம்பதுக்கு முடிந்தது. ஆள் வரும்வரை பிடிமானம் எப்படி என்று பார்க்கத் தோளைக் கொடுத்து லேசாக ஒரு தள்ளு தள்ளினேன். பீரோ, ஏதோ கூப்பிட்டதற்காகவே காத்திருந்தது போல, சறுக்கிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

"இதுக்கா நூத்தம்பது?" என்றார் நாத்தனார்.

என் பிழைப்பில் அப்படி ஒரு அவமானம் கண்டதில்லை. நிரம்பிய இரும்புப் பீரோ ஒற்றை ஆள் தள்ளி நகராது. குனிந்து பார்த்தேன். நாலு காலுக்கு அடியிலும் மடித்து மடித்து வைத்த துணி. பீரோவை ஓசைப்படாமல், தரையில் கீறல் விழாமல், தனியாக நகர்த்த நினைத்தவன் செய்கிற வேலை.

தையல்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு காலடியிலிருந்து துணி ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "ஐயோ! இது அந்தக் கோடு போட்ட சட்டைத் துணி. ரெண்டு மீட்டர். நான்தான் எங்கேயோ தொலைச்சிட்டேன்னு கஸ்டமருக்கு முந்நூத்திப் பத்து திருப்பிக் குடுத்தேன்! நாலா கிழிச்சு வச்சிருக்கார் மனுஷன்!"

நான் பீரோவை இன்னும் தள்ளினேன்.

சுவரில் மஞ்சள். திட்டு இல்லை, நாலடிக்கு ஆறரை அடி, பீரோ மறைக்கும் இடம் முழுக்க. ஓரம் வளையாமல் இருக்கத் தையல் சாக்குக்கட்டியால் நீலக்கோடு இழுத்து, கோட்டைத் தாண்டாமல் அடித்திருந்தது. கீழ் மூலையில் மட்டும் இரண்டு இடத்தில் வழிந்து காய்ந்திருந்தது.

தையல்காரர் எழுந்து மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீலம்னு சொன்னீங்களே அண்ணி."

"ஆஸ்பத்திரி ஓட்டத்துல பிரஷ் நிறத்தை யார் பார்த்தா?" என்ற நாத்தனாரின் குரல் இறங்கியிருந்தது. உடனே ஏறியது. "சும்மா அடிச்சுப் பார்த்திருப்பான். பிடிக்கலன்னு பீரோவை மறுபடி தள்ளி மூடியிருப்பான்."

தையல்காரர் என்னைப் பார்த்தார். பிணையில் போக வேண்டியவன் நீதிபதியைப் பார்ப்பது போல ஒரு பார்வை. நான் டார்ச்சை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். அவசரப்படவில்லை, அவசரப்பட்டுச் சொல்லக்கூடிய தீர்ப்பில்லை அது.

"இங்க பாருங்க. அடியில பிரஷ் கோடு மேலேர்ந்து கீழ ஓடுது. அது மேல குறுக்கால ஓடுது. ரெண்டுக்கும் அடியில ப்ரைமர், அடிப்பூச்சு. ஒரு ப்ரைமர், ரெண்டு கோட்டு. காய விட்டு அடிச்சது, குறைஞ்சது மூணு நாள் வேலை." டார்ச்சை அணைத்தேன். "பிடிக்காத நிறத்துக்கு ரெண்டாவது கோட்டு எவனும் அடிக்க மாட்டான்மா. கை பழக மறைவான இடத்துல ஆரம்பிச்சிருக்கார். வெள்ளிக்கிழமை அடுத்த சுவர். அதான் பிரஷ் தண்ணியில. நீங்க திரும்பி வர்றப்ப ரூம் முழுக்க மஞ்சளா இருந்திருக்கும்."

தையல்காரர் கழுத்து டேப்பை எடுத்து அந்த மஞ்சளின் அகலத்தை அளந்தார். மறுபடி அளந்தார். அழுகிறவர்கள் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

நாத்தனார்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "மேஸ்திரி, அந்த இடம்தான் அடிச்சாச்சே. அதைக் கழிச்சிடுங்க."

நான் சிரித்துவிட்டேன். தையல்காரரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"அது மேல கோட்டு போட வேண்டாம் மேஸ்திரி. அப்படியே இருக்கட்டும். மத்த சுவருக்கெல்லாம் இதே மஞ்சள்."

"இப்ப கலக்கற மஞ்சளும் இதுவும் ஒட்டாதும்மா. வித்தியாசம் தெரியும்."

"பீரோ மறைச்சுக்கும்."

"அப்புறம் பீரோவை எடுக்கவே முடியாது."

"அது எங்க போகப் போகுது? நான் எங்க போகப் போறேன்?" பிறகு நாத்தனாரிடம், "அண்ணி, நீங்க வந்தா படுக்கற உள் ரூமுக்கு நீலம் அடிச்சிடலாம். எந்த நீலம்னு நீங்களே சொல்லுங்க," என்றார்.

"ரெண்டாவது," என்றார் நாத்தனார் யோசிக்காமலே. தம்பியின் வாதத்தை அவரும் எண் வாரியாக மனப்பாடம் செய்திருந்தார்.

சீட்டு எழுதினேன். உள் அறை தனிச் சீட்டு. முன்னறை நானூற்றுப் பத்தொன்பதில் இருபத்தாறு போக முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று சதுர அடி. அடிக்குப் பதினாறு வீதம் ஆறாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு. திட்டு சுரண்ட முந்நூற்றைம்பது. "சுரண்டிடுங்க. வாதம் முடிஞ்சிருச்சு," என்றிருந்தார் தையல்காரர். பீரோ நகர்த்தும் நூற்றைம்பதை நானே கோடு போட்டு அடித்துவிட்டேன். அந்த வேலை எனக்கு முன்பே நடந்திருந்தது. மொத்தம் ஆறாயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு. அடியில், 'வீட்டுக்காரர் அடித்தது இருபத்தாறு சதுர அடி, கழித்தது நானூற்றுப் பதினாறு' என்று குறித்துக் கொடுத்தேன்.

தையல்காரர் அந்தக் கடைசி வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். சீட்டைத் திருப்பி, சாக்குக்கட்டியைத் தேடாமல் என் பென்சிலை வாங்கி, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

"பெயின்ட்டும் அவர் காசுல வாங்கினதாச்சே, அதை விட்டுட்டீங்களே?" என்று எட்டிப் பார்த்தேன்.

"அது எனக்குன்னு வாங்கினது மேஸ்திரி. கணக்குல வராது."

எழுதி முடித்துச் சீட்டை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அவர் செய்த வேலை, வரவு: 416
கிழித்த சட்டைத் துணி: 310
வீணாக்கிய பிரஷ்: 60
என் சாக்குக்கட்டி: 6
பத்து நாள் போன் செய்யாதது: இரண்டு பேரும் சமம்
பாக்கி: 40. அவருக்கு நான் தர வேண்டியது.