ஏழாம் எண் நிலையம்

"மாடிப்படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"எங்க குரூப் டாக்டர் இன்னிக்கே ஏறிப் பார்த்துடுங்கன்னுதான் சொல்றாரு…"

"அவரு பல் டாக்டரு! நான் கேக்கறது நெஞ்சு டாக்டரை…"

"…நாளைக்குள்ள காத்தும் மழையும் வந்துடும்ங்கறாங்க, இன்னிக்கு விட்டா அப்புறம் எப்ப டெஸ்ட் பண்றது? நீயே சொல்லு."

"வரட்டுமே! மழை பெய்யுதான்னு பாக்க ஜன்னல்ல கையை நீட்டினாப் போதாதா? அதுக்கு ஒரு கம்பம், ஒரு கிண்ணம், ஒரு பெட்டி!"

"கையை நீட்டினா நனையும். எவ்வளவு நனைஞ்சோம்னு கை சொல்லுமா?"

முப்பத்தாறு வருஷமாக அவர்கள் பேசிக்கொள்வது இப்படித்தான். ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருந்ததில்லை. ஆனாலும் இருவர் காதிலும் எல்லாம் விழுந்துவிடும். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடை நாற்பது, சாம்பல் நிறத் துணி, மடியிலும் தரையிலும் குவிந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வானமும் அதே துணியில் வெட்டினது போலத்தான் இருந்தது. காலையிலிருந்து ஒரு இலை அசையவில்லை. கொடியில் போட்ட துண்டு காயாமல், ஆடாமல் தொங்கியது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருஷம் ஊர்க் கட்டடங்களின் இருட்டுக் கூண்டுகளுக்குள் மேலும் கீழும் போய்வந்தவர். வேலை ஓய்ந்ததும் மனிதருக்கு வானத்தின் மேல் திடீர்க் காதல் வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட்டார். காற்றை அளக்க மூன்று கிண்ணம், வெயிலை அளக்க அடுக்கடுக்காய் வெள்ளைத் தட்டு, சிமெண்ட் கட்டை ஒன்றின் மேல் மழைமானி. எல்லாம் தானாகவே அளந்து, கீழே அவள் மிஷினுக்கு மேலே மாட்டியிருந்த பெட்டிக்கு எண்களை அனுப்பும். பெட்டி அதை ஊரில் இதேபோல் வைத்திருக்கும் பதினேழு வீட்டுக்காரர்களின் குழுவுக்கு அனுப்பும். குழுவுக்குத் தலைவர் அந்தப் பல் டாக்டர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார். இந்த வீடு ஏழாம் எண் நிலையம்.

போன மாதம் ஏழாம் எண்ணில் மழை குறைவாகக் காட்டியது. பல் டாக்டர் பட்டியலில் அதற்கு நேரே சிவப்பில் 'சந்தேகம்' என்று போட்டுவிட்டார். பார்த்தால் மழைமானித் துளையில் எறும்புக் கூடு. கூட்டை எடுத்துவிட்டாலும் அந்தச் சிவப்பு எழுத்து அவர் தொண்டையை விட்டு இறங்கவில்லை. "நாப்பது வருஷத்துல என் லிஃப்ட்டு ஒண்ணை யாரும் சந்தேகப்பட்டதில்ல" என்று சாப்பாட்டுக்கு நடுவே சொல்வார். தட்டிடம் சொல்வது போல இருக்கும்.

"பாரு, காத்தழுத்தம் இறங்கிட்டே போகுது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியின் முன் நின்றார். "காலைல ஆயிரத்து நாலு. இப்ப தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. இந்தப் பெட்டி வந்த நாள்லேர்ந்து இப்படிப் பார்த்ததில்ல."

"உங்க அழுத்தத்தை எப்ப பாத்தீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"எண்ணித் தருவியா மாட்டியா?"

மழைமானியைச் சோதிக்க அவர்களிடம் ஒரு முறை இருந்தது. அதற்குள்ளே சீசாப் பலகை போல இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பினால் சாயும், மற்றது மேலே வந்து ஏந்திக்கொள்ளும். ஒவ்வொரு சாய்வுக்கும் கீழே ஒரு மணி அடிக்கும். உடைத்துப்போட்ட ஒரு பழைய லிஃப்டிலிருந்து எடுத்து வந்து அவரே மாட்டிய மணி. அளந்த தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப்போய், மூடியில் ஊசித்துளை போட்டு, மழைமானிப் புனலின் மேல் கவிழ்த்து வைப்பார். சரியாக இருபது முறை சாய வேண்டும். மேலே அவருக்கு மணி கேட்காது. அவள்தான் கீழே எண்ணி, ஜன்னல் வழியே தலையை நீட்டி "இருபது!" என்று கத்துவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "என்ன ஏலம் எடுக்கறீங்க?" என்று கேட்டதுண்டு.

"மாட்டேன்" என்றாள்.

"சரி. நானே மேல உக்காந்து பாத்துக்கறேன்."

"பாருங்க. எனக்கென்ன வந்தது? இனிமே உங்க மணி ஊரைக் கூட்டினாலும் நான் நிமிர்ந்து பாக்க மாட்டேன்."

அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியேறினார். ஆறாவது படியில் ஒரு நிற்றல், பதினோராவது படியில் இன்னொரு நிற்றல். அவள் மிஷினை வேகமாக மிதித்தாள்.

சற்று நேரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங். இருபது விநாடி. டிங். எண்ணக் கூடாது என்றுதான் இருந்தாள். வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தும் உதடு தானாக எண்ணியது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. அத்துடன் நின்றது. சரியாக இருபது. ஜன்னல் ஒரு கை தூரத்தில் இருந்தது. குண்டூசியைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அவள் மடிப்பைத் திருப்பி அடுத்த விளிம்பை ஊசிக்குக் கீழே வைத்தாள்.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். டிங்.

அவள் நிமிரவில்லை. சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்தாள். சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போன நாட்களில், பகலில் போனில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடும் ஆள்தானே.

டிங்.

"அடிங்க, அடிங்க" என்றாள் ஊசிகளுக்கு நடுவே.

மூன்றாவது மணிக்கு அவள் கை வழுக்கியது. மிஷின் ஊசி ஆள்காட்டி விரல் ஓரத்தைத் தைத்தது. வலியைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எழுந்து, ரத்தம் பட்ட விரலை வாயில் வைத்தபடியே, மறு கையால் மணியின் ஒயரைப் பிடுங்கினாள். பெட்டியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீடு அமைதியாயிற்று.

அதற்குப் பிறகு நாலு பாவாடை தைத்தாள்.

டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினபோது ஐந்தே கால். படியடியில் நின்று, "ஏங்க, டீ ஆறுது" என்று கூப்பிட்டாள். கொஞ்சம் இறங்கின குரலில்தான் கூப்பிட்டாள். பதில் இல்லை. "ரொம்பத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

அவர் மழைமானிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். சோதனை முடித்து, உள்ளே துடைக்கவென்று மேல் புனலைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். ஒழுங்காக, கவிழ்த்து. துடைக்கும் துணி நான்காக மடித்தபடி இருந்தது. ஒரு கை மார்புக்குக் கீழே சிக்கியிருந்தது. மறு கை நீண்டு, அந்தக் குட்டிக் கிண்ணத்தின் விளிம்பில் ஆள்காட்டி விரல் இருந்தது.

கம்பத்து உச்சியில் மூன்று கிண்ணங்களும் சுற்றாமல் நின்றன.

எப்போதோ அவர் சொன்னது. 'லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க முதல்ல கத்துவாங்க. அப்புறம் தொண்டை போயிடும். மணியை மட்டும்தான் அடிப்பாங்க. ஒரே ஒரு தடவை அடிச்சாக்கூட நான் ஓடிடுவேன், தெரியுமா?' தெரியும் என்று அவள் அன்றைக்குச் சொல்லியிருந்தாள்.

யாரையும் கூப்பிடுமுன் அவள் மூன்று காரியம் செய்தாள். அவர் விரலை எடுத்து, கையை மடக்கி, மற்ற கையோடு சேர்த்து வைத்தாள். புனலை எடுத்து மழைமானியின் மேல் மூடினாள். பிறகு கீழே ஓடிவந்து பிடுங்கிய ஒயரைச் சொருகினாள். அதன் பிறகுதான் வாசலுக்குப் போய்க் கத்தினாள்.

வந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே, "ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்மா. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். நல்ல மனிதர்.

மகள் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தாள். வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு டாக்டர் சொன்னதைத் தெரிந்துகொண்டு அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர் ஒவ்வொருவரிடமும், "கஷ்டப்படலை. ஒரு நிமிஷம்தானாம்" என்றாள். வந்தவர்களும் "கொடுத்து வச்சவரு" என்றார்கள். எட்டுப் பத்து தடவை கேட்டபின் அம்மாவுக்கு அது வேறு யாரோ ஒருவரின் சாவு போலத் தோன்றியது.

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர்.

டிங்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

டிங். டிங். மழை கொட்ட ஆரம்பித்தது. மணி மூச்சுவிடாமல் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி, "அதை யாராவது நிறுத்துங்களேன்" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் மகள். முதல் தடவையாக அழுதாள். "அது அப்பா மாட்டினது. அடிக்கட்டும். அம்மா, நீ போய் உக்காரு. அது மழைதான்."

அவள் உட்கார்ந்தாள். மழை விடியும்வரை பெய்தது.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் முற்பகலில் பல் டாக்டர் வந்தார். குடையை வெளியே வைத்துவிட்டு, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். இவ்வளவு நாள் குரலாகவே இருந்த மனிதர், நேரில் சின்ன உருவம். "லிஃப்ட் சார் மாதிரி ஒருத்தர் எங்க குரூப்புல இல்லம்மா" என்றார். காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிஷின் மேல் பாவாடைகள் அப்படியே கிடந்தன.

"ஒரு சந்தோஷமான விஷயம்னு சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்றேன்" என்றார். "அன்னிக்கு மழையில பதினாலு நிலையம் கரண்ட் போய் நின்னு போச்சு. ரெண்டு, கம்பமே விழுந்துடுச்சு. ஏழாம் எண் மட்டும் காலை எட்டரைவரைக்கும் ஒரு துளி விடாம எடுத்திருக்கு. நூத்தி நாப்பத்திரெண்டு மில்லிமீட்டர். அதைத்தான் வானிலை ஆபீஸ்ல கேக்கறாங்க. அவர் பேர்லயே போகும்."

"அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும்" என்றாள் மகள். அம்மாவின் கையைப் பிடித்தாள். விரல் ஓரத்தில் ஊசி தைத்த இடம் கறுத்திருந்தது.

"ஒரே ஒரு சிக்கல்." பல் டாக்டர் போனை எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். "நாலு மணிக்கு டெஸ்ட் பண்றேன்னு முன்னாடியே எழுதியிருந்தாரு. நாலு பன்னெண்டுலேர்ந்து இருபது சாய்வு. கச்சிதம். அதை நானே எடுத்துட்டேன். ஆனா அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கு. ஒரு சொட்டு மழை இல்லாத நேரம். நாலு இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டு."

மூன்று, என்று அவள் உதடு எண்ணியது.

"அப்புறம் கொஞ்சம் விட்டு முப்பத்தொண்ணு. முப்பத்து மூணு. முப்பத்தஞ்சு. முப்பத்தெட்டு…" அவர் நிதானமாக, பல்லை எண்ணுகிற குரலில் படித்துக்கொண்டே போனார். "நாப்பத்தொண்ணு. நாப்பத்து நாலு. நாப்பத்தேழு. கடைசியா அம்பத்தொண்ணு. மொத்தம் பதினொண்ணு."

மாடிக் குழாயிலிருந்து தேங்கின தண்ணீர் வழிந்து, வாசல் சிமெண்டில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இது இருந்தா அன்னிக்கு முழுக் கணக்குமே சந்தேகம்னு ஆயிடும். எங்க விதி அப்படி. நிலையத்தை வச்சிருக்கறவங்கதான் இது என்னன்னு சொல்லணும், நானா எடுக்க முடியாது. சாரும் அந்த விதியில ரொம்பக் கறார்." போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "மறுபடியும் ஒருதடவை டெஸ்ட் பண்ணிப் பாத்திருப்பாரு. துடைக்கறப்போ கை பட்டிருக்கும். ஏதோ ஒண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லும்மா" என்றாள் மகள். "அப்பாவுக்காக."

அவள் மிஷினுக்கு மேலே பார்த்தாள். பெட்டியில் காற்றழுத்தம் ஏறியிருந்தது. ஆயிரத்து ஏழு.

பல் டாக்டர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். காது மந்தமானவர்களிடம் பேசுவது போல, மெதுவாக, அன்பாகக் கேட்டார்.

"அந்தப் பதினொண்ணும் டெஸ்ட்டுதானேம்மா?"