ஆற்றோரத்துச் சிவப்புக் கோடு

பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்காகப் பாதை வரைந்து செயலியில் போடுவது சைக்கிள் கடைக்காரரின் வழக்கம். ஆற்றை ஒட்டிப் போகும் சரளைப் பாதையும் அவர் போட்டதுதான். மழைக்குப் பின் அங்கே கரை சரிந்து, அவருடைய தம்பியைச் சைக்கிளோடு ஆறு கொண்டுபோனது. உடல் கிடைத்த அன்றே அந்தப் பாதையை அழித்தார். இனி எவனும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று நினைத்தார்.

அடுத்த வாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் டயருக்குக் காற்றடிக்க வந்து நின்றார்கள்.

“ஆத்தோரமா போறோம்ணே,” என்றான் அவன்.

“அங்க பாதையே கிடையாது. நான்தான் அழிச்சேன்.”

“என்னண்ணே சொல்றீங்க? இந்த மாசம் நிறைய பேர் போனதே அதுலதான்,” என்று போனை நீட்டினான்.

ஆற்றை ஒட்டித் தடித்த சிவப்புக் கோடு ஓடியது. யார் போனாலும் செயலி கோடு போடும். போகப் போகக் கோடு தடிக்கும். அது யார் போன தடம் என்று கடைக்காரருக்குப் புரிந்தது. தேடிய இடத்தையே திரும்பத் தேடக் கூடாதென்று, தம்பியைத் தேடப் போன அத்தனை பேரையும் செயலியைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொன்னவர் அவரேதான். பாழாய்ப்போன எந்திரத்துக்கு இழவு தெரியுமா, கூட்டம் மட்டும்தான் தெரியும்.

கோடு முடிகிற இடத்தில் பெரிய பொட்டாக வீங்கியிருந்தது. தம்பியைக் கரையில் கிடத்திய இடம் அது. அந்தப் பெண் அதன்மேல் விரல் வைத்தாள்.

“இங்க எல்லாரும் ரொம்ப நேரம் நின்னிருக்காங்கண்ணே. பாக்க அவ்வளவு அழகா இருக்குமா?”