அந்தோணியாரிடம் கேட்டது

வேண்டுதல் பலித்துவிட்டது என்றுதான் சாண்ட்ரா நினைத்தாள். செவ்வாய்க்கிழமை மாலை, ராயபுரம் கோவில் வாசலில் மெழுகுவர்த்தி வாங்கியபடியே, ஜெரி அனுப்பியிருந்த குரல்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "இன்னிக்கு நாத்தமே இல்லடி. மூக்கு பழகிப்போச்சு. டீ குடிச்சிட்டு மறுபடியும் தொட்டிக்குள்ள எறங்கப்போறேன்."

வடகோடிக் கடலில், பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிவிட்டது. அதிலிருந்து கசியும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும் கப்பலில் அவள் புருஷன் ஜெரிக்கு வேலை. அந்தக் குளிரில் எண்ணெய் தார் மாதிரி இறுகிவிடுமாம். எடுத்ததைத் தொட்டியில் விட்டுச் சூடுகாட்டினால்தான் இளகும். இளகினால் அழுகிய முட்டை நாற்றம்; அந்தத் தொட்டிக்குள் இறங்கித்தான் ஜெரி அடிக்கசடை வழிக்க வேண்டும். சோறு இறங்கவில்லை, தலை வெடிக்கிறது என்று தினமும் புலம்பினான். எண்ணூரில் எண்ணெய் படர்ந்தபோது வாளியால் அள்ளியவன், மணலி எண்ணெய் ஆலைக் காற்றைக் குடித்து வளர்ந்தவன், அவனே புலம்பினால் இவளுக்கு மட்டும் சோறு இறங்குமா? "வேலை கஷ்டமாவே இருக்கட்டும், அந்த நாத்தத்த மட்டும் எடுத்துடு சாமி" என்று அந்தோணியாரைப் பிடித்துக்கொண்டாள். கேட்பதைக் கறாராகக் கேட்பாள் சாண்ட்ரா. அவள் கேட்பதில் சாமிக்குக்கூடச் சந்தேகம் வரக் கூடாது.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு நடந்தாள். அப்பா இக்னேஷியஸ் நெத்திலி வறுவலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு கெட்டுப்போகும் வரை மணலியில் எண்ணெய்த் தொட்டி கழுவியவர்.

"நைனா, ஜெரிக்கு இப்ப நாத்தமே தெர்லயாம்!"

அவர் கை தட்டிலேயே நின்றது. "இன்னாது? தொட்டிக்குள்ளயேவா?"

"ஆமா. மூக்கு பழகிப்போச்சாம்."

"பழகாதும்மா அது. அந்த வெஷ கேஸு ஏற ஏற மூக்கு செத்துடும். நாத்தம் நின்னா உடனே வெளிய ஓடியாந்துடணும். போன் போடு, சீக்கிரம்!"

சாண்ட்ரா ஜெரியின் எண்ணை அழுத்தினாள். எதைக் கேட்டு வாங்கினோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஜெரி எடுக்கவில்லை. அவனோடு வேலை செய்யும் காசிமேட்டு உசேனைக் கூப்பிட்டாள். வீடியோவில் அவன் முகம் வந்தது.

"இன்னா அண்ணி? ஜெரி கீழ எறங்கிக்கிறான். நானும் மேலருந்து கூப்ட்டுகினே இருந்தேன், பதிலக் காணோம். பம்பு சத்தத்துல கேக்கலபோலன்னு கையுறை மாத்த ரூமுக்கு வந்தேன்."

"உசேனு, அது கேஸுடா!" இக்னேஷியஸ் எச்சில் கையோடு போனைப் பிடுங்கினார். "அவன் மயங்கிக்கிறான்டா!"

"அல்லா!" என்று உசேன் போனைப் போட்டுவிட்டு ஓடினான். மாட்டிக்கொள்ள முகமூடி ஏதாவது எடுத்தானா என்றுகூடத் தெரியவில்லை.

"தனியா எறங்காதடா! ஆளுங்களக் கூப்புடுடா! டேய்!" ஆளில்லாத அறையைப் பார்த்து அவர் கத்தினார். கத்தலில் இருமல் வந்து, போன் சாண்ட்ராவின் கைக்கே திரும்பியது.

திரையில் ஒரு சுவர் சாய்வாகத் தெரிந்தது. வரிசையாகக் கொக்கிகள். மற்றதெல்லாம் காலி. இரண்டில் மட்டும் உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டிகள் தொங்கின.

"அதெல்லாம் இன்னா நைனா?"

அவர் இருமலை அடக்கிக்கொண்டு பார்த்தார். "கேஸு வந்தா கத்துற பெட்டிம்மா. சட்டையில மாட்டிகினுதான் எறங்கணும். ஓயாம கத்துதுன்னு பசங்க கழட்டி வெச்சிடுவானுங்க."

சாண்ட்ரா திரையை முகத்தருகே கொண்டுபோனாள். ஒரு பெட்டியில் பிளாஸ்திரி ஒட்டி ஜெரி என்று தமிழில் எழுதியிருந்தது. அடுத்ததில் உசேன். கப்பல் ஆட ஆட, இரண்டும் மெல்ல இடித்துக்கொண்டன.