அவன் வைத்த கண்ணாடி

ஸ்டேஷன் வாசலில் வண்டி நிறுத்த இனிமேல் கட்டணம் என்று போர்டு வைத்த அன்று எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். மற்றவர்கள் காசுக்காகக் கத்தினார்கள். நான் எதற்காகக் கத்தினேன் என்று அங்கே யாரிடமாவது சொல்லியிருந்தால், "இன்னாபா டில்லிபாபு, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பார்கள். அதனால் நானும் காசுக்காகக் கத்துகிற மாதிரியே கத்திவிட்டு வந்தேன்.

அது வரைக்கும் அந்த இடத்துக்கு ஒரு சட்டமும் கிடையாது. நாலைந்து பூவரச மரங்கள், குண்டும் குழியுமாகத் தரை, மழை பெய்தால் சேறு. வந்தவன் வந்த இடத்தில் வண்டியைச் சொருகிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவான். என் வண்டி மட்டும் எப்போதும் கடைசி மரத்தடியில்தான் நிற்கும். அதற்குக் காரணம் இருந்தது. அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர்.

எனக்கு ஒரகடத்தை ஒட்டின ஊர். உலகமே ஒரகடத்துக்கு வேலைக்கு வருகிறது, பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். அந்த ஊர்க்காரனான நான் காலையில் ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு, ரயிலேறிக் கிண்டிக்குப் போகிறேன். அங்கே பம்ப் விற்கிற கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பர். என் வயசுக்காரனைக் கார் கம்பெனி லைனில் நிறுத்தாது. கம்பெனிக்கு நிலம் கொடுத்தவன் என்று சொன்னால் செக்யூரிட்டி வேலை தருவார்கள், கேட்டில் நிற்க. என் நிலத்துக்கு நானே காவல் நின்று, போகிற வருகிறவனுக்கெல்லாம் சலாம் போடுவதா? போடா என்று விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் எனக்கு வழக்கமான ரயில் தப்பிவிட்டது. அடுத்த ரயிலுக்காவது போய்ச் சேருவோம் என்று நனைந்துகொண்டே வந்து வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். அதே நேரத்தில் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்த ரயிலில் இறங்கி ஒருத்தன் வெளியே ஓடிவந்தான். நெட்டையான ஆள், இருபத்தைந்து வயசு இருக்கும். மழையில் ஒரு ஷேர் ஆட்டோகூட இல்லை.

"அண்ணாச்சி, ஒரகடம் போறியளா?"

"அங்கேர்ந்து வர்றவன்யா நானு."

அவன் முகம் சுருங்கிப்போனது. ஷிப்டுக்குப் பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள் என்று மட்டும் சொன்னான். எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியாது, சாவியைத் தூக்கி அவனிடம் போட்டேன். "எத்துக்கினு போ. சாயங்காலம் இதே மரத்தடில வுட்டுட்டு, சாவிய சீட்டுக்கு அடியில சொருவிடு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

குடோனில் அன்று முழுக்க என்னை வைத்துச் சிரித்தார்கள். வண்டி இந்நேரம் ஆந்திராவைத் தாண்டியிருக்கும் என்றார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் வண்டி அதே மரத்தடியில் நிற்கிறது, சேறெல்லாம் துடைத்து. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. வலது பக்கக் கண்ணாடி மேலே பார்க்கத் திரும்பியிருந்தது. அவன் நெட்டை, நான் குள்ளம். நான் உட்கார்ந்து பார்த்தால் அதில் மரத்து உச்சியும் வானமும்தான் தெரிகிறது. "நெட்டக் கொக்கு" என்று திட்டிக்கொண்டே கண்ணாடியைத் திருப்பினேன்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. பெயர் வனமாமலை, நாங்குநேரிப் பக்கம். கார் சீட்டுக்குக் கம்பிச் சட்டம் அடிக்கிற ஒரு யூனிட்டில் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான் கம்பெனி பஸ், கான்ட்ராக்ட் ஆட்கள் நடந்து வந்தாலும் சரி, பறந்து வந்தாலும் சரி. செங்கல்பட்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். அவனுக்கென்று இன்னொரு சாவி போட்டுக் கொடுத்தேன். காலையில் நான் வண்டியை விட்டுப் போன பிறகு அவன் வந்து எடுப்பான். சாயங்காலம் நான் வந்து சேருவதற்குள் அவன் கொண்டுவந்து விட்டுவிட்டு ரயிலேறிவிடுவான். நேரில் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். "பெட்ரோல் போட்டாச்சு அண்ணாச்சி" என்று போனில் செய்தி வரும். நான் கட்டைவிரல் படத்தை அனுப்புவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவன் ஊருக்குப் போய் வந்தால் சைடு பாக்ஸில் கருப்பட்டி மிட்டாய் இருக்கும். மழைக்கு நான் ஒரு ரெயின்கோட் வாங்கி வைத்தேன்.

என் மனைவி மீனம்மாள் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு என்று போனவள், பேரன் நடக்க ஆரம்பித்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். அவன் இப்போது ஓடுகிறான். மகளுக்கும் வேலை, மருமகனுக்கும் வேலை, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் காபி குடித்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். துண்டு போட்ட இடத்தில் கிடக்கும். மூடியது மூடியபடி, திறந்தது திறந்தபடி. நான் வைத்த ஒன்றை இன்னொருவர் தொட்டு நகர்த்தியிருக்கிற ஒரே இடம் எனக்கு அந்தக் கண்ணாடிதான். தினமும் சாயங்காலம் அதைத் திட்டிக்கொண்டே திருப்புவேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக இருக்கும்.

போர்டு வைத்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து டோக்கன் கொடுப்பார்களாம், டோக்கன் வைத்திருக்கிறவன்தான் வண்டியை வெளியே எடுக்கலாமாம். காலையில் நான் விடும்போது ஒருமுறை, சாயங்காலம் அவன் விடும்போது ஒருமுறை என்று இரட்டைக் கட்டணம் வேறு. இந்தப் பையன் எதற்கு இப்படி ரயிலும் வண்டியுமாக அலைய வேண்டும், என் மகள் இருந்த அறை காலியாகத்தானே கிடக்கிறது, இங்கேயே வந்து இருக்கச் சொன்னால் என்ன என்று தோன்றியது. தோன்றினதும் எழுந்து போய் அந்த அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தேன். அங்கிருந்து அவன் யூனிட்டுக்கு நடந்தே போகலாம்.

சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, வெளியூர்ப் பையன்களை அடைத்து வாடகை வாங்குகிறார்கள். "வூட்ல ரூம் கீது, வாப்பா" என்றால் நானும் ஆள் பிடிக்கிறேன் என்று நினைப்பான். வாடகை வேண்டாம், சும்மா இரு என்றால் இந்த ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பான். போனை எடுப்பேன், வைப்பேன். ஒன்றாம் தேதிக்குள் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளியே ஒன்றாம் தேதி வந்துவிட்டது.

டோக்கனுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருக்கிற தாயாரம்மாளிடம் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போவது, அவன் வந்து வாங்கிக்கொள்வது, சாயங்காலம் அதேபோல அவன் எனக்கு விட்டுப்போவது. அவனுக்கும் சொல்லியாகிவிட்டது.

அன்று காலை போனால், மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, வாசலில் கன்னியப்பன் என்று ஒருத்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கடைசி மரத்தடியில் விடக்கூடாது, வரிசையில்தான் விட வேண்டும் என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என் வண்டிய நானு எங்க வுட்டா உனுக்கு இன்னாய்யா?"

"அண்ணே, காலங்காத்தால வம்பு பண்ணாத. வரிசைல வுடு."

"இத்தினி நாளா அங்கதான் வுட்டுக்கினு கீறேன்."

"அப்போ ஸ்டாண்டு இல்ல. இப்போ கீது."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமானது. ரயில்வேயில் ஆரம்பித்து அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசினேன். நாலு பேர் வந்து விலக்கினார்கள். அதற்குள் ரயில் வந்துவிட்டது. வண்டியை வரிசையில் தள்ளிவிட்டு, அவன் நீட்டின டோக்கனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கூடுவாஞ்சேரி தாண்டித்தான் மூளை வேலை செய்தது. பையில் கை வைத்தால் டோக்கன் இருக்கிறது. இறங்கித் திரும்பினால் எனக்கு அரை நாள் போகும். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. வனமாமலைக்குப் போன் அடித்தேன், அவன் எடுக்கவில்லை. கிண்டியில் இறங்குகிற நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, வண்டிய எடுக்க விட மாட்டேங்காவ. டோக்கன் எங்கன்னு கேக்காவ."

"மறந்து எத்துக்கினு வந்துட்டேன்பா. அந்த ஆளு கிட்ட போன குடு."

கொடுத்தான். கன்னியப்பன் என் குரலைக் கேட்டதும், "ஓ, காலைல எங்க பாட்டன இஸ்த்தவரா? டோக்கன் கொண்டாங்க, வண்டி தரேன்" என்று சொல்லிவிட்டான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"பரவால்ல அண்ணாச்சி, ஷேர் ஆட்டோல போயிருதேன்" என்றான் வனமாமலை.

சாயங்காலம் வந்து வண்டியில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பின்னால் இருக்கிற சாலை சரியாகத் தெரிந்தது. திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஏதோ திருடு போன மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து மறக்காமல் டோக்கனைத் தாயாரம்மாளிடம் கொடுத்தேன். சாயங்காலம் அது அவள் கல்லாவிலேயே இருந்தது. "அந்தத் தம்பி வர்லயேண்ணே" என்பாள். செய்தி அனுப்பினால், "ரெண்டு நாள் லீவு அண்ணாச்சி" என்று பதில் வந்தது. கேள்வி மேல் கேள்வி கேட்க நான் யார்? கட்டைவிரலை அனுப்பினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் ரயிலை விட்டு வெளியே வந்தபோது அவனே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். தோளில் பெரிய பை. கையில் என் ரெயின்கோட், மடித்து வைத்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அன்னைக்கு லேட்டாயிட்டு அண்ணாச்சி. லைன்ல வேற ஆளப் போட்டுட்டாவ. கெஞ்சிக் கூத்தாடி வேற லைன் வாங்கியிருக்கேன். பக்கத்துலயே தங்குதவன்னா வா, இல்லன்னா வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இதைவிட நல்ல வழி யாரும் திறந்து விடமாட்டார்கள். 

"ரூம்பா..." என்றேன்.

"ரூம் பாத்தாச்சு அண்ணாச்சி! ஒரகடத்துலயே. நம்ம ஊருப் பயலுவ நாலு பேரு இருக்கானுவ, சுடலைக்கண்ணுன்னு ஒருத்தன் நல்லாச் சமைப்பான். அட்வான்ஸும் குடுத்தாச்சு. இந்தா, இப்ப அங்கதான் போறேன்." அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நீங்க என்னமோ சொல்ல வந்திய?"

"ரூம்ல காத்தோட்டம் கீதா?" என்றேன்.

"அதெல்லாம் நல்லா இருக்கு."

"அப்போ சரி."

டீ குடித்தோம். அன்றைக்கு டோக்கனைத் தவற விட்டது என் முன்கோபத்தால்தான் என்று சொன்னேன். "விடுங்க அண்ணாச்சி, நல்லதுக்குத்தான்" என்றான். அவனுக்கு அது நல்லதுதான், பொய்யில்லை. நம் ஆள் ஒருத்தன் நன்றாக இருக்கப்போகிறான் என்றால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஏலக்காய் தொண்டையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி இருமினேன்.

அவன் போகிற இடம் என் வழிதான். "நான் ஓட்டுதேன் அண்ணாச்சி, நீங்க பின்னால உக்காருங்க" என்றான். டோக்கனைக் கொடுத்து வண்டியை எடுத்தோம். ஏறினவுடன் பழக்கதோஷமாகக் கையை நீட்டிக் கண்ணாடியை மேலே திருப்பினான். அவன் அதைத் திருப்பி நான் பார்த்தது அன்றுதான்.

வழி முழுக்க பேசிக்கொண்டே வந்தான். காற்றில் பாதி கேட்கவில்லை. சுடலைக்கண்ணு வைக்கிற குழம்பு, தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட், அக்கா திட்டினது. ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ்கள் எங்களைத் தாண்டிப் போயின. ஜன்னலோரம் எல்லாத் தலையும் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு, ஒரகடம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

மேம்பாலத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டான். தன் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரேன் அண்ணாச்சி."

"வா. மறந்துடாத."

போய்விட்டான். எதிரே இரண்டு பையன்கள் ஓடிவந்து அவன் பையை வாங்கிக்கொண்டார்கள். நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடியில் வானம் தெரிந்தது. கை தானாகப் போனது, பிறகு இறக்கிக்கொண்டேன். பின்னால் வருகிற டிரெய்லர் லாரிகள் ஹாரனைப் போட்டுத் திட்ட, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமலே வீடு வந்து சேர்ந்தேன். மகளின் அறையில் ஜன்னல் திறந்தே இருந்தது. அதைச் சாத்தினேன்.

திங்கட்கிழமை வண்டியை வரிசையில் ஒழுங்காக விட்டேன். கன்னியப்பன் பழசை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன். டோக்கனைக் கொடுத்துவிட்டு, "இன்னாண்ணே, கண்ணாடி மேல பாத்துகினு கீது, இப்டியே ஓட்டிக்கினு வந்தியா?" என்று சரிசெய்யக் கையை நீட்டினான்.

"கைய எடுய்யா!"

நான் போட்ட சத்தத்தில் டீக்கடையிலிருந்து தாயாரம்மாள் எட்டிப் பார்த்தாள். கன்னியப்பன் கையை இழுத்துக்கொண்டான்.

"அத்த ஒருத்தன் வச்சிட்டுப் போயிருக்கான்" என்றேன். "அப்டியே இருக்கட்டும்."