பீரோ பச்சை

என் வீட்டுக்காரர் அக்தர் இருபது வருஷமாக சேலையூர் கேம்ப் ரோட்டில் டிவி ரிப்பேர் செய்கிறார். சோல்டரிங் கம்பியால் ஈயத்தை உருக்கி ஒட்டுவதுதான் பிழைப்பு. கடையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவாமல் சோற்றைத் தொடமாட்டார். ஈயம் விஷம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் வேண்டுமென்றே குறை சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமையானால் அவர் பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். மண்புழு குத்திப் பிடித்த வரைக்கும் வாரத்துக்கு நாலு ஜிலேபி மீனாவது வீட்டுக்கு வந்தது. 2007-ல் யாரோ பிரவுசிங் சென்டரில் ஒரு வெள்ளைக்காரன் மீன் பிடிக்கிற வீடியோவைக் காட்டிவிட்டார்கள். அன்றோடு மண்புழு கேவலமாகிவிட்டது. இனிமேல் ஜிக்தான் என்றார். ஜிக் என்றால், தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக் குண்டு வார்த்து, அதற்குக் கலர் பூசியது. விரால் அதைப் பார்த்துச் சின்ன மீன் என்று ஏமாந்து கவ்வுமாம். எங்கள் ஊர் விரால் அவ்வளவு சுலபத்தில் ஏமாந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கலருக்கு வந்து சேர்ந்தவர் சிட்டிபாபு. பெருங்களத்தூர் பக்கம் இரும்பு பீரோவுக்குப் பவுடர் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை. மிஞ்சின பவுடரை ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். பச்சை. கல்யாணச் சீரில் வருமே, அந்த பீரோ பச்சை.

“வேற கலர் இல்லையா தம்பி?” என்றேன்.

“இந்த மாசம் ஃபுல்லா பச்சைதான்க்கா ஆர்டரு.”

தண்ணிக்குள் பீரோ வருவதைப் பார்த்தால் மீன் ஓடத்தானே செய்யும்? கேட்டேன். இரண்டு பேரும் காதிலேயே வாங்கவில்லை.

அவர்கள் கதை அப்படி இருக்க, என் கதை ஒரு ஓவன். தம்பி ஜைத் துபாயிலிருந்து வந்தபோது, “இது உனக்கு மட்டும்தான்கா” என்று சொல்லிக் கொடுத்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எனக்கு மட்டும் என்று அந்த வீட்டுக்குள் வந்த ஒரே சாமான். மூன்று மாதம் பழகி, கருக்கி, தின்று தீர்த்து, கடைசியில் கேக் என் கைக்கு வந்தது. முதல் ஆர்டரும் வந்தது. பீர்க்கன்கரணை அஞ்சம்மாள் அக்கா வீட்டில் பேரன் உதயாவுக்குப் பிறந்தநாள், ஞாயிறு சாயந்திரம் ஐந்து மணிக்கு, முட்டை போடாத ஒரு கிலோ கேக். அது பிடித்துப்போனால் அடுத்த மாதம் அவர் மகள் கோகிலவாணியின் நிச்சயதார்த்தத்துக்கு நாலு கிலோ. அந்த நாலு கிலோவை நம்பி ‘நஃபீசா ஹோம் கேக்ஸ்’ என்று அட்டைப் பெட்டி அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

ஞாயிறு காலை மொட்டைமாடியில் பம்ப் ஸ்டவ் வைத்து இருவரும் ஆரம்பித்தார்கள். குண்டு வார்த்த முள்ளைக் குறடால் பிடித்துத் தீயில் காட்டி, பவுடருக்குள் முக்கி எடுக்க வேண்டும். சூடு குறைந்தால் பவுடர் ஒட்டாது, கூடினால் கொப்புளம் போடும். முதல் குண்டு தீயிலேயே சொட்டி விழுந்தது. “ஃபிளேம் ஜாஸ்தி” என்றார் இவர். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டியவருக்கே வரவில்லை.

“பெயின்ட் கெட்டியாவணும்னா ஓவன்ல வேவணும்ணா. எங்க பட்டறைல இருநூறு டிகிரி, பதினஞ்சு நிமிசம்,” என்றார் சிட்டிபாபு. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மச்சான், அது பக்கம் போனீங்க, அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு, செர்ரியும் பட்டர் பேப்பரும் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். சொன்னால் கேட்பார் என்று நம்பியது என் தப்பு.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் நாற்றம். ஓவனுக்கு முன்னால் இரண்டு பேரும் மய்யித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். உள்ளே கம்பித் தட்டில் முள்ளெல்லாம் வெறும் முள்ளாகத் தொங்கின. ஈயம் மொத்தமும் ஒழுகி, சூட்டுக் கம்பியில் ஒட்டி, அடித்தட்டில் பச்சையும் வெள்ளியுமாகத் தேங்கியிருந்தது.

“ஈயம் முன்னூறுக்கு மேலதான உருகும்? நாம வெச்சது இருநூறுதானே?” என்றார் சிட்டிபாபு.

“எந்த ஈயம் போட்டீங்க?” என்று கேட்டேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “கடையில சேர்த்து வெச்ச சோல்டர்,” என்றார்.

சோல்டர் சுத்த ஈயமில்லை. சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காகவே வெள்ளீயம் கலந்தது. இருநூறு வரைக்கும் போகவே வேண்டாம், அதற்கு முன்பே தண்ணியாகிவிடும். இது ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும், தினம் அதை உருக்கிச் சம்பாதிக்கிற ஒருத்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நல்லா தேய்ச்சுக் கழுவிட்டா ஒண்ணும் ஆகாது நஃபீ. யாருக்குத் தெரியப்போவுது?” என்றார், இரண்டு தடவை கை கழுவுகிறவர்.

எனக்கு அழுகையாக வந்தது. அழுதேன். அந்த ஓவனில் வெந்ததை ஒரு குழந்தை வாயில் வைக்க நான் விடமாட்டேன். ஓவனை மாடிக்குத் தூக்கிப்போகச் சொல்லி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பிரஷர் குக்கரில் மணலைப் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அதற்குள் கேக்கை வைத்தேன். நடுவில் கொஞ்சம் அமுங்கியது. கிரீமைப் போட்டு நிரப்பினேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்தே நிமிஷத்தில் தட்டு காலி. அஞ்சம்மாள் அக்கா விரலை நக்கிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இன்னா இருந்தாலும் ஓவன்ல பண்ணது ஓவன்ல பண்ணதுதான்! வாயில வெச்சா கரையுது பாரேன். அந்த மிசின்லயே நாலு கிலோ வெந்துடுமா நஃபீசா?”

என் கையை அவர் பாராட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். அந்தப் பாராட்டு, மாடியில் ஈயத்தோடு கிடக்கிற ஓவனுக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

“இது ஓவன்ல பண்ணது இல்லக்கா. குக்கர்ல பண்ணேன்.”

அவர் விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. “குக்கர்லயா?” என்றார். அப்புறம் சிரித்தார். “குக்கருதான் எங்க வூட்லயும் கீதே. அதுக்கு இன்னாத்துக்கு ஆர்டரு? நாலு பேரு வர்ற எடம். எதுனா பேக்கரில சொல்லிக்கறோம்.”

தாம்பாளத்தைக் கழுவிக் கொடுத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை.

மறுநாள் பெட்டிகள் வந்து இறங்கின. அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். இவர் அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு வைக்கிற பழைய ஈயம் வாங்கி, அதே முள்ளுக்கு மறுபடி வார்த்து, இனி எதற்கும் ஆகாத என் ஓவனில் மொட்டைமாடியில் வைத்துச் சுட்டார். இந்தத் தடவை ஒழுகவில்லை. பதினெட்டு குண்டும் பீரோக் கைப்பிடி மாதிரி பளபளவென்று இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஏரியிலிருந்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “மீன் கிடைச்சுதா?” என்றேன்.

“மீன விடு. கரையில அஞ்சாறு பேர் ஜிக்கை வாங்கிப் பார்த்தாங்க. கடைச் சாமானா, கையில பண்ணதான்னு கேட்டாங்க. ‘ஓவன்ல சுட்டது’ன்னேன். அவ்வளவுதான், பதினெட்டும் எனக்கு உனக்குன்னு ஆர்டர் சொல்லிட்டாங்க!”

அப்புறம் அலமாரிக்கு மேலே பார்த்தார்.

“நஃபீ, அந்தப் பெட்டி சும்மாதானே கெடக்கு?”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு பெட்டியை நானே எடுத்துக் கொடுத்தேன். என் பெயர் அச்சடித்த பெட்டியில் எங்கள் வீட்டை விட்டுப் போன முதல் ஆர்டர், பதினெட்டு பச்சைத் தூண்டில் முள்.