டிலுக்ஷன் ஓடவேண்டிய சுற்றுகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு தின்ற கையோடு நிலானி அண்ணனின் அறைக்குள் போனாள். உடைத்து விற்ற டொல்பின் வேனிலிருந்து அவன் கழற்றி வந்து கணினிக்கு முன்னால் பூட்டிய சீற்றில் உட்கார்ந்து, அவனுடைய ஹெட்செற்றைக் காதில் மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டுவாள், அதுவும் களுவாஞ்சிக்குடிச் சந்தை மட்டும்தான்.

"தங்கச்சி, கேக்குதா?" என்றான் அண்ணனின் கூட்டாளி றிப்ஷான். காத்தான்குடியில் தன் வீட்டு மேல்மாடியில் இருந்து பேசினான். சனிக்கிழமையிலிருந்து நித்திரை இல்லாத குரல்.

"கேக்குது நானா."

"பயப்பிடாதீங்க. மெல்லமா ஓடினாப் போதும். மத்தவன் முந்தட்டும், விடுங்க. சுவத்துல மட்டும் கொண்டு போய்ச் சாத்திராதீங்க."

நிலானிக்குப் பயம் ஒன்றும் இல்லை. பயம் வந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மூன்று கிழமையாக உள்ளுக்குள் எல்லாம் விறைத்துக் கிடந்தது. தொட்டால் தன்னுடையதுதான் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

கொரோனா வந்து ஊர் உலகத்து ரேஸ் மைதானங்களை எல்லாம் பூட்டி, பார்க்கப் போனவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. ரேஸ் பைத்தியங்கள் சும்மா இருக்குமா? ஸ்டியரிங்கையும் பெடலையும் வீட்டு மேசையில் பூட்டி, கணினிக்குள்ளே ஓடத் தொடங்கிவிட்டன. அதிலும் பெரிய பைத்தியங்களுக்கு இருபத்துநாலு மணித்தியால ஓட்டம் என்று ஒன்று இருந்தது. ஒரு காருக்கு மூன்று பேர். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தன் வீட்டிலிருந்து அதே காரைப் பொறுப்பெடுப்பார். ஐரோப்பாவில் யாரோ நடத்துவார்கள், கண்காணிப்பார்கள், விளையாட்டு வர்ணனை சொல்லி லைவ் போடுவார்கள். றிப்ஷானும், குருக்கள்மடத்து டினேஷும், நிலானியின் அண்ணன் தேற்றாத்தீவு டிலுக்ஷனும் சேர்ந்து 'வாவி ரேசிங்' என்று ஒரு அணி வைத்திருந்தார்கள். காரின் பக்கவாட்டில் பெரிய மீன் ஒன்று வரைந்திருந்தது. மட்டக்களப்பான் எதைத் தொடங்கினாலும் அதில் ஒரு மீனை ஒட்டாமல் விடமாட்டான்.

இந்த ஓட்டத்துக்காக ஒரு வருடமாகத் தயாரானார்கள். ஓட்டத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது டிலுக்ஷன் செத்துப்போனான்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். தானே நடந்து போய் அம்புலன்ஸில் ஏறினான். பிறகு ஒட்சிசன், பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு. தாயையும் நிலானியையும் தனிமைப்படுத்தி, படலையில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தாய்மாமன் ஜெயராஜா மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். சீல் வைத்த பெட்டி, மேலே ஒட்டிய பெயர். அதையும் தூரத்தில் நின்றுதான் பார்த்தார். அங்கிருந்து நேரே எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். பந்தல் இல்லை, வெள்ளைக்கொடி இல்லை, சந்தியில் கண்ணீர் அஞ்சலி பனர் இல்லை, அடிக்கிற கடையும் பூட்டு. சும்மா நாளில் யாராவது தும்மினாலே எட்டிப் பார்க்கிற ஊர், சோற்றுப் பார்சலைப் படலையில் கொழுவிவிட்டு ஓடியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன.

தாய் மார்கிறட் அழவில்லை. "முகத்தக் காட்டினாங்களா? இல்லைதானே. அங்க ஆயிரம் பேர் கிடக்காங்க. பேர மாத்தி ஒட்டியிருப்பாங்க," என்றாள். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. பொழுதுபட்டதும் செபமாலை சொல்வாள். டிலுக்ஷனின் ஆன்மாவுக்காக இல்லை, அவன் சுகமாகி வீடு வர. நிலானியும் பக்கத்தில் முழந்தாளிட்டு மறுமொழி சொல்வாள். சொல்லாமல் விடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. வீட்டில் 'செத்தது' என்ற சொல்லை இதுவரை யாரும் வாயால் எடுக்கவில்லை.

இப்போது இந்தப் பெயர்ப் பிரச்சினை. அணிக்குக் கப்டன் றிப்ஷான். ஓட்டத்துக்கு முன்னர் பட்டியலில் இருந்து டிலுக்ஷனின் பெயரை நீக்கியிருக்க வேண்டும். அவன் அந்தப் பக்கத்தைத் திறந்தான். 'இந்த ஓட்டுநரை நீக்கவா?' என்று கேட்டது. கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான், பிறகு மூடிவிட்டான். நாளைக்கு நீக்கலாம் என்று விட்டான். அடுத்த நாள் பட்டியலைப் பூட்டிவிட்டார்கள். பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் தன் பங்குச் சுற்றுகளை ஓடியே ஆகவேண்டும் என்பது விதி. ஒருவர் ஓடாவிட்டாலும் முடிவில் அந்தக் காருக்கே இடம் இல்லை.

ஞாயிறு காலையில் றிப்ஷான் நிலானிக்குப் போன் எடுத்தான். "பிழை என்னுல தங்கச்சி. அவன்ட பேர அழிக்க என்னால ஏலாமப் போச்சு. இப்ப அவன்ட பங்க ஆராவது ஓடணும். அவன்ட கணக்கு உங்கட வீட்டுக் கொம்பியூட்டர்லதான் திறந்து கிடக்கு. பாஸ்வேர்ட் எங்களுக்குத் தெரியா."

"களவு இல்லையா நானா?"

"களவுதான்," என்றான். பிறகு, "ஓடி முடிச்ச ஆக்கள்ட லிஸ்ட்டுல அவன்ட பேர் வரும் தங்கச்சி. ஒரு பனர்கூட அடிக்கல்லயே நாம," என்றான்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நிலானி ஓம் என்றாள். அண்ணனின் பெயர் பத்துப்பேர் பார்க்க ஓரிடத்தில் எழுதியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் அந்த மூன்று கிழமையில் அவளுக்குத் தோன்றிய ஆசை.

ஓடத் தொடங்கினாள். முதல் வளைவிலேயே புல்லுக்குள் இறங்கி ஏறினாள். றிப்ஷான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பிரேக், இப்ப திருப்புங்க, விடுங்க, இப்ப மிதிங்க. மற்றக் கார்கள் சர்ரென்று பாய்ந்து முந்தின. வெளியே கச்சான் காற்று தென்னோலைகளைப் போட்டு அடித்தது. மேசையில் சாய்த்து வைத்திருந்த போனில் அதே ஓட்டம் லைவாகப் போனது. திரையின் ஓரத்துப் பட்டியலில் 'டிலுக்ஷன் ஜோசப்' என்ற பெயர் ஒவ்வொரு இடமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கினாலும் இருந்தது. சில சுற்றுகளுக்குப் பிறகு கைக்கும் காலுக்கும் பிடிபட்டுவிட்டது. நெஞ்சில் மட்டும் ஒன்றும் ஏறவில்லை.

கெட்டது எங்கிருந்து வந்தது என்றால், ஊரின் நல்ல மனதிலிருந்து வந்தது. காலையில் றிப்ஷான் தன் முகப்புத்தகத்தில் 'எங்கள் டிலுவுக்காக ஓடுகிறோம்' என்று போட்டு லைவின் இணைப்பையும் கொடுத்திருந்தான். செத்த வீட்டுக்குப் போகமுடியாமல் மூன்று கிழமையாக மனம் குறுகுறுத்துக் கிடந்த சனத்துக்கு அது போதுமாக இருந்தது. ரேஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். செத்த வீட்டுக்குப் போனால் முகத்தைக் காட்டாமல் வருகிற வழக்கம் நம்மிடம் இல்லை அல்லவா? லைவின் அடியில் வரிசையாக எழுதத் தொடங்கினார்கள். 'ஆழ்ந்த அனுதாபங்கள்.' 'தம்பியின் ஆத்மா இறைவனில் இளைப்பாறட்டும்.' 'இன்னாலில்லாஹ்.' கூப்பிய கைகள், மெழுகுதிரிகள், பூக்கள். டிலுக்ஷனின் பள்ளிக்கூடத்து ஓ.எல். வகுப்பு முழுதும் அங்கே நின்றது.

தமிழில் மட்டும் எழுதியிருந்தால் வெள்ளைக்காரனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், பண்பான மனிதர், மற்றவர்களுக்கும் விளங்கட்டுமே என்று ஆங்கிலத்தில் விளக்கமாக எழுதினார்: இந்தக் காரை ஓட்டும் டிலுக்ஷன் மூன்று வாரங்களுக்கு முன் கொரோனாவால் காலமானார், குடும்பத்தாருக்கு எங்கள் அனுதாபங்கள்.

"யா அல்லாஹ்," என்றான் றிப்ஷான் காதுக்குள். "அவருக்கு ஆரு சொன்ன இத எழுதச் சொல்லி!"

அப்போதுதான் பின்னால் யாரோ நிற்பது நிலானிக்குத் தெரிந்தது. மார்கிறட் கதவைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றாள். போனிலிருந்து வந்த இயந்திரச் சத்தம் கேட்டு எழும்பி வந்திருக்க வேண்டும். மூன்று கிழமையாக அவள் இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

"அவன்ட பேர் கிடக்கு," என்றாள்.

"ஓம் அம்மா. அண்ணாட கணக்குல நான் ஓடுறன்."

"பேர் அவன்ட. உள்ள இருக்கிற நீ."

"ஓம்."

மார்கிறட்டின் முகம் தெளிந்தது. அந்த மூன்று கிழமையில் முதல் தடவையாகத் தெளிந்தது. "பாத்தியா? நான் சொன்னா நீங்க ஆரும் நம்பல்ல. அங்கயும் இப்படித்தான் புள்ள. ஒருத்தன்ட பேர் மேல, உள்ள வேற ஒருத்தன். அந்தப் பெட்டியில கிடந்தது ஆர்ர புள்ளயோ."

நிலானிக்கு அடி விழுந்தது. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் விழுந்தது. தாயின் அந்தப் பாழாய்ப்போன நம்பிக்கைக்கு இதுவரை சாட்சி இருக்கவில்லை. இப்போது தானே இந்தச் சீற்றில் குந்தி இருந்து சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்கியது. அடுத்த வளைவைத் தவறவிட்டு மறுபடியும் புல்லுக்குள் இறங்கினாள்.

ஏறி வந்தபோது திரையில் ஒரு செய்தி இருந்தது. கண்காணிப்பாளர்கள் கேட்டிருந்தார்கள்: மீன் படமுள்ள காரை இப்போது ஓட்டுவது யார்? உடனே பதில் தரவும்.

"தங்கச்சி," என்றான் றிப்ஷான். "டிலுக்ஷன்தான் எண்டு போடுங்க. ஆரோ பகிடிக்கு எழுதியிருக்கான், நான் உயிரோடதான் இருக்கன் எண்டு போடுங்க. இன்னும் ரெண்டு சுத்துதான். முடிஞ்சா லிஸ்ட்டுல பேர் வந்துரும்."

"என்னவாம்?" என்று கேட்டாள் மார்கிறட்.

"ஆர் ஓட்டுறது எண்டு கேக்காங்க அம்மா."

"அவன்தான் எண்டு சொல்லு." மார்கிறட் கிட்ட வந்து நிலானியின் தோளில் கை வைத்தாள். "சொல்லு மகள். டிலுக்ஷன் எண்டு சொல்லு."

இரண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் கேட்டார்கள். அதைச் சொன்னால் அண்ணனின் பெயர் பட்டியலில் நிற்கும். இந்த வீட்டிலும் நிற்கும், நாளைக்கும் நாளை மறுநாளும் சுகத்துக்காகச் செபமாலை நடக்கும், தாய் வயது போய்ச் சாகும்வரை படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நிலானி காரை ஓரம் கட்டினாள். கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து விசைப்பலகையை இழுத்தாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம், பிழையும் சரியுமாக எழுதினாள். அனுப்பினாள்.

"என்ன எழுதின?"

நிலானி திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள். "டிலுக்ஷன் என்ட அண்ணன். அவர் செத்துப்போயிட்டார். கார ஓட்டுறது அவர்ர தங்கச்சி."



பதில் சுணங்கவில்லை. ஓட்டுநர் ஆள்மாறாட்டம் விதிக்கு விரோதம், கார் ஓட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. அடுத்த வரியில், உங்கள் இழப்புக்காக மிகவும் வருந்துகிறோம் என்று இருந்தது. ஓரத்துப் பட்டியலில் இருந்து பெயர் மறைந்தது. கீழே இருந்தவர்கள் ஒரு இடம் மேலே ஏறினார்கள்.

"நீக்கிட்டாங்க அம்மா."

"ஏனாம்?"

"செத்த ஆள் ஓட ஏலாதாம்."

மார்கிறட் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். டிலுக்ஷனின் கட்டில்தான். விரித்த விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதைத் தடவினாள்.

"அப்ப, அவன் செத்துட்டானா மகள்?"

"ஓம் அம்மா."

"அந்தப் பெட்டிக்குள்ள கிடந்தது அவன்தானா?"

"ஓம் அம்மா. அண்ணாதான்."

மார்கிறட் தலையை ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்தாள். "என்ட மனே!" என்று எழும்பிய அந்தக் குரல் ஓட்டுக்கூரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கடற்கரை ரோட்டு மட்டும் போயிருக்கும். மூன்று கிழமை பூட்டி வைத்த ஒப்பாரி முழுவதும் ஒரேயடியாகப் புறப்பட்டது. அவனைப் பெற்ற நாளையும், அவன் நடந்து போய் அம்புலன்ஸில் ஏறியதையும், முகம் பார்க்காததையும் அவள் சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடித்தாள்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள், முகக்கவசத்தைத் தன் வாசலில் நின்று மாட்டிக்கொண்டு. படலையடியில் ஒரு கணம் நின்றாள். பிறகு திறந்துகொண்டு வந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் நான்கைந்து பேர், சாரத்தை மடித்துக் கட்டிய ஆண்களும் பிள்ளையைத் தூக்கிய பெண்களுமாக வந்தார்கள். ஊரடங்கு அமுலில் இருந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. பெண்கள் மார்கிறட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாங்களும் அழுதார்கள்.

நிலானிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஹெட்செற்றைக் கழற்றி வைத்தாள். குசினிக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்த பிளாஸ்ரிக் கதிரைகளைக் கொண்டுவந்து, துடைத்து, அரசாங்கம் சொன்னபடி இடைவெளி விட்டு முற்றத்தில் போட்டாள். வந்தவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். செத்த வீட்டில் கேட்கிறபடி ஒருவர், "என்ன புள்ள நடந்த?" என்று கேட்டார்.

"போன மாசம் பதிமூணாந்திகதி அண்ணாக்கு லேசாக் காய்ச்சல் காஞ்சுது," என்று நிலானி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.