மூன்று படியும் ஒரு சரிவும்

புதுக்கோட்டையில் வீடு கட்டியவர்களுக்கு மழைத் தண்ணீரிடம் என்ன பயமோ தெரியவில்லை, எல்லா வீட்டையும் தூக்கித் தூக்கிக் கட்டியிருந்தார்கள். 1957 ஜூன் மாதம், மூன்று நாளில் பதினோரு வீடு பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. தெருவில் குதிரை வண்டிக்குள் உட்கார்ந்து வாசலைப் பார்த்தேன். உள்ளே போய்ப் பார்த்தவர் என் அண்ணன் சவரியப்பன். வெளியே வந்து, "அடுப்படி நல்லா இருக்கு மேரி, கெணறு இருக்கு, காத்து அள்ளிக்கிட்டுப் போகுது" என்பார். காற்று ஏறிவிடும். நான் ஏற வேண்டாமா?

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் என் வலது கால் சூம்பிப்போனது. கக்கத்துக் கட்டை ஒன்று இருந்தால் போதும், சமதரையில் யாரோடும் நடப்பேன். முழங்கால் உயரப் படியைக் கண்டால்தான் என் வாய் அடங்கும். இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் ஊர் ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக என் காலால் ஆகாது. துணைக்கு வரச் சம்மதித்த சின்னம்மா ஜெபமாலையம்மாளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும், என்னை எங்கே தூக்குவது?

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. "அதுக்குள்ள வீடு அமையலைன்னா வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துரு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். கெட்ட மனசு இல்லை, பயம். ஆனால் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் எனக்கு வேலை தருவார்கள்? ஆயுசுக்கும் அண்ணன் வீட்டு மூலைதான்.

வீட்டுத் தரகர் ரெங்கராஜுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. "இதுக்குப் போயி கவலப்படுறீங்களே டீச்சரம்மா! காலைல ரெண்டு ஆளு வந்து தூக்கி எறக்கி விடுவாங்க. சாயங்காலம் தூக்கி உள்ள வச்சிருவாங்க."

"நான் என்ன பீரோவா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசாமல் குதிரையிடம் பேசிக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டாவது வீடு தெற்கு நான்காம் வீதியில் இருந்தது. ஓட்டு வீடு. முன்கதவிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரே சமதரை என்று அண்ணன் வந்து சொன்னபோது வண்டிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். வாசலில் மட்டும் மூன்று படி. மூன்றும் ராட்சசப் படி. வீட்டுக்காரர் ஆவுடையப்பன், கடலை மண்டி வைத்திருப்பவர், வண்டி அருகே வந்து நின்றார்.

"ஐயா, படிக்குப் பக்கத்துல சொவரோரமா நீளமா ஒரு சரிவு போட்டுத் தருவீங்களா? செலவு என்னுது" என்றேன்.

அவர் விரலை மடக்கினார். "இந்தப் படி லாபம், நட்டம், லாபம்னு எண்ணி எங்க அப்பா வச்சது. கடைசிப் படி லாபத்துல முடியணும். நீங்க சொல்ற சரிவுல எத்தன படி வரும்?"

"சரிவுல ஏதுங்க படி?"

"அப்ப அது லாபமா, நட்டமா?"

"ரெண்டும் இல்லீங்க."

மனிதர் ஆடிப்போய்விட்டார். "லாபமே இல்லாத வாசலா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

அன்று இரவு, நாங்கள் தங்கியிருந்த சத்திரத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம்தான். மறுநாள் காலை அண்ணனிடம்கூடச் சொல்லாமல் வண்டி பிடித்து அவருடைய மண்டிக்குப் போனேன். போனால், அங்கே தெருவிலிருந்து மண்டிக்குள் கல் பாவிய நல்ல சரிவு! மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகள் அதில் சர்ரென்று ஏறிக்கொண்டிருந்தன. நானும் ஒரு வண்டிக்குப் பின்னால் கட்டையை ஊன்றி ஏறி, அவருடைய மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர்! எப்படி உள்ள வந்தீங்க?"

"உங்க கடலை வந்த வழியாத்தான். இந்தச் சரிவுல ஒரு படியும் இல்லியே, மண்டியில லாபம் வருதுங்களா?"

மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். வருது என்றால் நான் ஜெயித்துவிடுவேன், வரவில்லை என்றால் ஊரெல்லாம் பேசும். ஆவுடையப்பன் நெற்றியைத் துடைத்தார்.

"ஏதோ வருது" என்றார்.

"அப்ப வீட்டுக்கும் வரும்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளே கொத்தனார் அழகுமலை வேலையை ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினோம். சரிவு ஜோராக இருந்தது. அதன் தலைமாட்டில் ஆவுடையப்பன் கதவை மறித்துக்கொண்டு, எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"கட்டை வழுக்கக் கூடாதுன்னு கொத்தன் குறுக்கக் குறுக்க சிமிட்டி வரப்பு வச்சிருக்கான் டீச்சர். எத்தனைங்கிறீங்க? பன்னெண்டு! நட்டத்துல முடியுது. ஒண்ண ஒடச்சிட்டுப் பூசச் சொல்லியிருக்கேன். நாலு நாள் கழிச்சு வாங்க."

"நாளைக்குப் பள்ளிக்கூடங்க!"

"பாத்தியா மேரி" என்று அண்ணன் பெட்டியை மறுபடி வண்டியில் வைக்கப் போனார். "நமக்கு இது சரிப்படாது. ஊருக்கே போயிருவோம்."

கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் அண்ணன் கட்சி ஜெயித்துவிடும். அடக்கிக்கொண்டு வரப்புகளை நானும் எண்ணினேன். பன்னிரண்டுதான்.

"ஐயா, நெலப்படிய எண்ணுனீங்களா?"

அவர் திரும்பி, கதவடியில் இருந்த நிலைப்படியைப் பார்த்தார். விரல் கீழிருந்து மெதுவாக மேலே வந்தது. "பன்னெண்டு நட்டம்... நெலப்படி லாபம்!" முகம் மலர்ந்தது. மறு நிமிஷமே சுருங்கியது. "இருங்க, அப்ப இங்கிட்டு மூணு படியோட நெலப்படியச் சேத்தா நாலாச்சே?"

"அது நீங்க ஏறுற வழி. அங்க உங்க அப்பா எண்ணி வச்ச கணக்கு, மூணுதான். நான் அதுல காலே வைக்கப் போறதில்லீங்க."

அவர் யோசித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் இருவர் வந்து தனித்தனியாக எண்ணிப் பார்த்து, பதின்மூன்று என்று சாட்சி சொன்னார்கள். ஆவுடையப்பன் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு ஒதுங்கினார்.

அண்ணன் பழக்கத்தில் என் தோளைப் பிடிக்க வந்தார். "வேணாம்ண்ணே" என்றேன். ஒவ்வொரு வரப்பாகக் கட்டையை ஊன்றி ஏறினேன். வேர்த்தது. நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

எந்த வீட்டிலும் அண்ணன் முதலில் உள்ளே போவார், பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். இன்று அவர் பெட்டியும் கையுமாகத் தெருவில் நின்றார். செருப்பைக் கழற்றியவர், வாசலிலேயே தயங்கினார்.

"உள்ள வரலாமா, மேரி?"

இருபத்து நாலு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இவ்வளவு நேரம் அடக்கிய அழுகை அப்போதுதான் உடைந்தது.

"என் வீடுதாண்ணே. வாங்க" என்றேன்.